அத்தான் தேடிய குதிரை வாத்தியார்

என் அக்காவின் கணவர் லிப்ட் ஆய்வாளர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிப்டுக்குள் நின்று ஒரு குதி குதித்துப் பார்ப்பார். கூட நிற்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்றே நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அக்கா அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பிள்ளைகள் வேலைக்குப் போய் வீடு வெறிச்சென்று ஆன பிறகு, அப்பேர்ப்பட்டவரிடம் அக்கா ஒரு ஆசையைச் சொன்னாள். குதிரையேற்றம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். அத்தான் மறுக்கிற ரகமில்லை.

"தாராளமா கத்துக்கோ. தகுதியான ஆளா நான் பார்த்துத் தர்றேன்" என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்த லாயத்துக்கு முதலில் மூவருமாகப் போனோம். பயிற்சியாளர் ஒரு பெண், தலையெல்லாம் வைக்கோல். அத்தான் ஆரம்பித்தார்.

"அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும்?"

"உங்களைத் தாங்கும், ஏறுங்க."

"பாதியில நின்னுட்டா?"

"நின்னா இறங்கிக்கலாம் சார். ஓடும்போதுதான் கஷ்டம்."

"விழமாட்டாங்கன்னு உத்தரவாதம் உண்டா?"

"விழுவாங்க. எப்படி விழறதுன்னுதான் முதல் பாடமே."

அத்தான் முகம் வெளுத்துவிட்டது. என் காருக்கு வந்ததும், "வாய்தான் இருக்கு, தகுதி இல்லை" என்றார். அக்கா லாயத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அத்தான் பஸ் ஏறி ஊர் ஊராகத் தகுதி தேடக் கிளம்பினார். பொழுது சாய்ந்துதான் வருவார். ஒருவருக்குத் தொப்பை. ஒருவர் பேசும்போதே கொட்டாவி விட்டார். இன்னொருவரின் குதிரை அத்தானை முறைத்ததாம்.

அவர் தெருமுனை திரும்பியதும் நான் காரை எடுப்பேன். அக்கா நேராக வைக்கோல் தலைக்காரியிடம் போய் விழக் கற்றுக்கொண்டாள், பிறகு விழாமலிருக்கவும். முழங்கைச் சிராய்ப்புக்குச் சமையலறை அலமாரிமேல் பழி போட்டாள். அத்தான் அலமாரி மூலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழுக்கினார், பாவம். சும்மா சொல்லக்கூடாது, அக்காவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததே இல்லை.

ஒருவழியாக அத்தான் ஆளைப் பிடித்துவிட்டார். சுவர் நிறையச் சான்றிதழ், இஸ்திரி கலையாத சட்டை, எதைக் கேட்டாலும் "கண்டிப்பா சார்". அவரிடம் இதுவரை ஒருத்தர்கூட விழுந்ததில்லையாம். அக்கா வேறு வழியில்லாமல் போய் ஏறினாள். ஒன்றும் தெரியாத மாதிரி நடிப்பதாகத்தான் திட்டம். குதிரை நடக்க ஆரம்பித்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. மைதானத்தில் அழகாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினாள்.

வாத்தியார் இன்னும் வாயையே திறந்திருக்கவில்லை. அத்தான் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்குத்தான் சார் தகுதி வேணும்கிறது!"

அந்த மனிதர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நன்றியைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

அத்தான் குதிரைப் பக்கம் வந்தார். "நீ விழுந்துடுவியோன்னு எனக்குத் தூக்கமே இல்லம்மா. இனிமே அலைச்சல் இல்லை. ஞாயித்துக்கிழமை முழுக்க உன்கூடவே வந்து உட்கார்ந்துக்கறேன்."

அதுவரை லகானை விரல் நுனியில் பிடித்திருந்த அக்கா, அப்போதுதான் சேணத்தை இறுகப் பற்றிக்கொண்டாள்.