சுறா எண்ணெய் பூசிய துப்பாக்கி

ஏர்வாடிப் பக்கத்தில் முதல் லேத்துப் பட்டறை போட்டவன் நான். கரண்டு வராத காலம் அது. பழைய எண்ணெய் எஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்து, அதில் பெல்ட் மாட்டி லேத்தை ஓட்டினேன். பாய்மரத்தை நம்பிக் கிடந்த வள்ளங்களில் மோட்டார் பூட்டினேன். மீன் வியாபாரிகளுக்கு ஐஸ் உடைக்கிற மெஷினை நானே யோசித்துச் செய்து கொடுத்தேன். சிக்கலிலிருந்து அபிராமம் வரைக்கும் எத்தனையோ கிணறுகளில் மாடு இழுக்கிற கமலையை எடுத்துவிட்டு பம்புசெட்டு இறக்கினேன். தங்கச்சிமாருக்கு நிக்காஹ் முடித்தேன். மாடி வைத்து வீடு கட்டினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன், மறுபடி அதற்குள் நுழைந்தது அதற்கு இரும்புக் கேட் மாட்டத்தான்.

இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு துப்பாக்கி. சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் நடந்தது அதுதான்.

தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். பட்டறையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வள்ளக்காரர்களுக்கு மோட்டார் மேல் அப்போது நம்பிக்கை வரவில்லை. “லேத்தை வித்துப்போட்டு கொழும்புக்குக் கப்பலேறு. மாமா கடையில நின்டா சோத்துக்குப் பஞ்சமில்லை” என்று வாப்பா தினமும் சொன்னார். வாப்பா வள்ளங்களின் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றுகிறவர். இரும்பு வேலை அவருக்கு வேலையாகவே படாது.

அப்போதுதான் சிக்கலுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பண்ணையார் வந்தார். லைசென்ஸ் வாங்கிய ரைஃபிள் ஒன்று வைத்திருந்தார். அவருடைய மைத்துனர் வெளியூரிலிருந்து அதற்கு ஒரு சீமைக் கண்ணாடி அனுப்பியிருந்தார். ஒரு சாண் நீளக் குழல். உள்ளே பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடு. தூரத்தில் நிற்பது கிட்டத்தில் தெரியும். ஆனால் அதைத் துப்பாக்கி மேல் பூட்டுகிற வளையம் வரவில்லை.

“கடலைச் செடியப் பூராம் பன்னி உழுது போடுது தம்பி. அறுப்புக்கு முந்தி இதைப் பூட்டிக் குறியும் நேராக்கித் தந்துட்டீன்னா, எங்கூர்க் கிணத்துக்கெல்லாம் பம்புசெட்டு வைக்கிற வேலை ஒனக்குத்தான். இல்லாட்டி மருதைக்குப் போயிருவேன்” என்றார்.

பக்கத்து டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா? “என்ன காக்கா, பன்னி சுடுற துவக்குக்கா கண்ணாடி மாட்டுறிய?”

“நான் திங்கிறதுக்கா மாட்டுறேன்? நீரு திங்கிற கடலைமுட்டாயிக்குத்தான் மாட்டுறேன்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டீ ஆற்றப் போனார்.

இரும்புக் கட்டியைக் கடைந்து இரண்டு வளையம் செய்தேன். ஒவ்வொன்றையும் பாதியாக அறுத்து, திருகு போட்டு இறுக்கும்படி அமைத்தேன். துப்பாக்கியின் முதுகில் துளை போடும்போது மூச்சை அடக்கிக்கொண்டேன்; ஒரு நூல் ஆழம் கூடினால் துப்பாக்கி பாழ். கூடவில்லை. கண்ணாடிக் குழல் வளையத்துக்குள் அசையாமல் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த இடத்தில் குழல் மேல் அரத்தால் மெல்லிய கோடு ஒன்று கீறி வைத்தேன். பண்ணையாரின் துப்பாக்கியைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வந்து வாங்கிப் போனார். மறுநாள் காலையில் நானும் அந்த ஊருக்குப் போனேன்.

கண்மாய் வற்றிக் கிடந்தது. கரையோரம் தானியம் புடைக்கிற ஒரு பழைய சுளகுக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் கரியால் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பக்கம் மணல் மூட்டை மேல் துப்பாக்கி. ஊரே வந்து நின்றது. கண்ணாடியில் மேலே ஒரு திருகு, பக்கத்தில் ஒரு திருகு. ஒன்று குறியை ஏற்றி இறக்கும், மற்றது இடம் வலம் தள்ளும். பண்ணையார் சுட்டார். குண்டு சுளகின் இடது ஓரத்தில் பட்டது. பக்கத் திருகைத் திருப்பினேன். அடுத்தது பொட்டுக்குக் கிட்டத்தில் விழுந்தது. ஊர் கைதட்டியது. மூன்றாவது எங்கேயோ மேலே போனது. திருப்பினேன். அதற்கடுத்தது சுளகையே தொடவில்லை; பின்னால் கரையில் மண் தெறித்தது.

“சுளகுக்கு ஆயுசு கெட்டி” என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பண்ணையார் சிரிக்கவில்லை. தோட்டா வாங்குவது அன்றைக்கு லேசான காரியமில்லை. மிச்சமிருந்தது கொஞ்சம். “தம்பி, நான் மருதைக்கே போயிருக்கணும்” என்றார்.

துப்பாக்கிப் பெரியவர் ஒத்து ஊதினார். “கண்ணாடி மேல குத்தமில்லங்கய்யா. பாய் பூட்டுனதுலதேன் குத்தம்.”

என் கண்ணுக்குக் கொழும்புக் கப்பல் தெரிந்தது. ஆனால் நான் பூட்டியது அசையாது. அது எனக்குத் தெரியும். துப்பாக்கியைக் கையில் எடுத்தேன். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்ததும் குப்பென்று ஒரு வாடை. கடற்கரையில் பிறந்தவனுக்கு அந்த வாடையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

“துப்பாக்கிக்குச் சுறா எண்ணெய் போட்டது யாரு?”

“நாந்தேன்” என்று பெரியவர் நெஞ்சை நிமிர்த்தினார். “உப்புக்காத்துல துரு ஏறிராதா? எல்லாத் திருகையும் கழட்டி, வளையத்துக்கு உள்ளயும் வெளியயும் நல்லாத் தடவி, நீ கீறுன கோட்டுக்கு நேராத்தேன் பூட்டுனேன். நீ ஒரு சொட்டு எண்ணெய் காட்டாமக் குடுத்திருக்கியே, நீயெல்லாம் ஒரு மெஸ்திரியா?”

எங்கள் கரையில் வள்ளமோ கத்தியோ கதவுக் கீலோ, எதுவானாலும் எண்ணெய் காட்டாமல் வைக்கமாட்டார்கள். அவர் செய்தது ஊர் வழக்கம்தான். ஆனால் வளையத்துக்குள் எண்ணெய் இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி உதைக்கிறபோது குழல் வழுக்கும். நான் கீறிய கோட்டைப் பண்ணையாருக்குக் காட்டினேன். கோடு வளையத்தை விட்டு ஒரு நெல் அளவு முன்னால் போயிருந்தது. திருகை எத்தனை தடவை திருப்பி என்ன பிரயோசனம்?

“மண்ணெண்ணெய் கொண்டாங்க, பழைய வேட்டி ஒண்ணும் கொண்டாங்க” என்றேன். வளையங்களைக் கழற்றி, பிசுக்கு போகத் துடைத்துக் காயவைத்தேன். என் பெட்டியில் குங்கிலியப் பொடி இருந்தது. லேத்து பெல்ட் வழுக்கினால் தூவுவதற்காக வாப்பாவிடம் எடுத்து வைத்தது. அதை வளையத்துக்குள் லேசாகத் தூவி, குழலைக் கோட்டுக்கு நேராக வைத்து இறுக்கினேன். யார் சொல்லியும் செய்யவில்லை. என் புத்தியில் உதித்தது.

தோட்டாவை வீணாக்காமல் குறி பார்க்கவும் வழி கண்டேன். துப்பாக்கியின் பின்பக்கத்துப் போல்ட்டை உருவிவிட்டு, வெறும் குழாய் வழியாகப் பார்த்தேன். கரிப்பொட்டு குழாயின் நடுவில் தெரிகிற மாதிரி மணல் மூட்டையில் துப்பாக்கியை அசையாமல் பதித்தேன். பிறகு கண்ணாடிக்குள் பார்த்து, கூட்டல் கோடும் அதே பொட்டில் வந்து நிற்கும்வரை திருகுகளைத் திருப்பினேன். அப்புறம்தான் தோட்டா போடச் சொன்னேன்.

பண்ணையார் சுட்டார். குண்டு பொட்டுக்கு இரண்டு விரல் மேலே பட்டது. மேல் திருகைக் கொஞ்சம் தொட்டேன். மறுபடி சுட்டார்.

சுளகுப் பக்கம் ஓடிப்போன ஒருத்தன் அங்கிருந்தே கத்தினான். “ஏலே, பொட்டையே காணோம்டா!”

பண்ணையார் என் முதுகில் ஓங்கித் தட்டினார். “இன்னொண்ணு சுடுறேன். அதுவும் அங்கனயே விழுந்தா நீ சொன்னதுதான் சரி” என்றார். அதுவும் அங்கேயே விழுந்தது. பெரியவரைப் பார்த்து, “இனிமே இந்த வளையத்துக்குக் கிட்ட எண்ணெய்க் கிண்ணத்தோட வந்தீன்னா ஒன் மேல தடவிருவேன்” என்றார்.

“அப்ப துரு ஏறுனா என்னயக் கேக்கப்படாது” என்று முனகிக்கொண்டே பெரியவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

அதற்கடுத்த விடியற்காலையில் உடைமரக் காட்டிலிருந்து பன்றிக் கூட்டம் கடலைக்கு இறங்கியது. முன்னால் வந்த, கோரைப்பல் நீண்ட பெரிய கொம்பன் ஒரே குண்டில் சாய்ந்தது. மிச்சக் கூட்டம் சிதறி ஓடி, அந்த அறுப்பு முடிகிற வரைக்கும் திரும்பவில்லை. களத்தில் கடலை குவிந்தது. அந்தக் குவியலை நான் போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகு முதல் பம்புசெட்டு இறங்கியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்ததை வாப்பாவே வந்து பார்த்தார். கொழும்புப் பேச்சை அன்றோடு விட்டார்.

இப்போது அந்தக் கொம்பனின் கொம்பு இரண்டும் பண்ணையார் வீட்டுக் கூடத்தில் பலகையில் தொங்குகின்றன. கீழே தகட்டில், ‘பெரிய அய்யா ஒரே குண்டில் வீழ்த்தியது’ என்று அவருடைய பேரன்மார் எழுதி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம் சீமைக் கண்ணாடியின் பெருமையும் சொல்கிறார்கள். அய்யாவின் கை நல்ல கைதான். கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். இரண்டும் அந்தக் காலையில் சுளகைத் தொடாமல் கரையைத்தானே சுட்டன?

தகட்டில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரன்மாரே, ‘கண்ணாடியைப் பூட்டிக் குறி நேராக்கியவர் ஏர்வாடிப் பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர்’ என்று அதில் சேருங்கள். இடம் போதாது என்று சாக்குச் சொன்னால் புதுத் தகடு நானே வெட்டித் தருகிறேன். ஆனால் எழுத்து அய்யாவின் வரி அளவுக்கே இருக்க வேண்டும். பொடி எழுத்தில் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.