அக்காவின் வலக்கையும் நாங்கள் கழுவாத மருந்தும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தவர்களுக்காக அவர் வாழ்வை எழுதுகிறேன். ஓரிடத்தில் மட்டும் சுருக்கமாக எழுத இயலவில்லை; பொறுத்தருள்க.

அக்கா புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தார். பிறப்புப் பத்திரத்தில் ஒரு தேதியும் அடையாள அட்டையில் வேறொரு தேதியும் இருப்பதால் எதையும் இங்கே அச்சிடவில்லை. அம்மா காலமான மறுமாதமே அக்கா பால்வெட்டுக் கத்தியைப் பிடித்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்தது அந்த வலக்கைதான்.

1979 அக்டோபரில், சூடு ஆறாத அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியபோது தீப்பற்றி அந்தக் கை முழங்கை வரை வெந்தது. டவுன் மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்து, ஒரு டப்பா வெள்ளைக் களிம்போடு அனுப்பினார்கள். வாரம் ஒருமுறை தோட்டத்துக்கு வரும் மருத்துவ உதவியாளரான டிரஸர் முதல் நாள் தாமே கட்டுப் போட்டுக் காட்டினார்.

"பழைய மருந்தச் சுத்தமா கழுவிட்டுத்தான் புதுசு போடணும். தினமும். வலிக்குதுன்னு விட்டுடாதீங்க."

அந்தக் களிம்பில் வெள்ளி உண்டென்று நான் எங்கோ படித்திருந்தேன். படித்ததைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சின்னம்மாவிடம் சொன்னேன்.

"வெள்ளியா? அதக் கழுவிக் கால்வாயில ஊத்தச் சொல்றாரா அந்த மனுசன்? உடம்புல ஊறட்டும்லா. மேலயே போடு."

அக்கா சிரித்தார். "காதுல தங்கந்தான் இல்ல. கையிலயாச்சும் வெள்ளி கிடக்கட்டுமே தம்பி."

கழுவும்போது அவருக்கு உயிர்போகும் வலி. அதைத் தவிர்க்க ஒரு காரணம் கிடைத்தது. நான் வாதாடவில்லை. அடுத்த வாரம் வெள்ளத்தில் பாதை அடைபட்டு டிரஸரும் வரவில்லை. அந்நாளைய என் நாட்குறிப்பில் 'மருந்து போடப்பட்டது' என்று ஒன்பது முறை, நேரத்தோடு, எழுதியிருக்கிறேன். 'கழுவப்பட்டது' என்று ஒருமுறைகூட இல்லை. அந்த நோட்டைக் கிழித்தெறியத் தோன்றுகிறது.

பத்தாம் நாள் டிரஸர் கட்டைப் பிரித்தார்.

"சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி யாரு பூசுனது? கீழ எல்லாம் சீழ் கட்டிருச்சேம்மா!"

அவர் அடையடையாகக் கழுவி எடுக்கையில் அக்கா அலறியது லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது. அன்றே மீண்டும் மருத்துவமனை. உயிர் தப்பியது. மூன்று விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. பால்வெட்டு அத்தோடு முடிந்தது. பிறகு ஆயாக் கொட்டகையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை விடவரும் பெண்களின் கத்தியை முதலில் பார்ப்பார். "மொட்டையா இருக்குடி, தீட்டிட்டுப் போ. மரத்தக் கொல்லாத" என்பார். சென்ற ஆண்டு இருதய நோய் அவரைக் கொண்டுபோனது.

"டிரஸர் சுரண்டித்தான் கை போச்சு" என்பது நம் குடும்பத்தில் நிலைத்துவிட்ட பேச்சு. அக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நான் ஒருநாளும் மறுத்ததில்லை. சின்னம்மா அறியாமல் சொன்னார். நான் அறிந்தே வாயை மூடிக்கொண்டேன். மருந்தில் பிழையில்லை. டிரஸர் மீதும் பிழையில்லை.

கடைசி நாட்களில் அக்காவை மாறிமாறிக் கவனித்த உறவினர்களுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், பாடை சுமந்த தோட்டத்து இளைஞர்களுக்கும் எங்கள் நன்றி. இப்போது பீடோங்கில் ஓய்வில் இருக்கும் டிரஸர் ஐயா, நம் வீட்டுத் திருமணம் எதற்கும் அழைக்கப்படாதவர், அக்காவின் இறுதிச் சடங்குக்குத் தாமாகவே வந்து வாசலில் நின்றார். நாற்காலி கொடுக்க ஒருவரும் எழவில்லை, நானும் எழவில்லை. இன்றைய நினைவு நாள் சாப்பாட்டுக்கு அவரை நேரில் போய் அழைத்திருக்கிறேன். முதல் பந்தியில் என் பக்கத்தில் உட்காருவார். யாரும் முகம் திருப்ப வேண்டாம்.