பதினாலரை மணி நேரம்

விமான டிக்கெட் அலுவலகத்தில் அவளுக்கு ‘மணிக்கணக்கு’ என்றே பேர். எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும், கணினியைத் தட்டாமலே, நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று ஒப்பித்துவிடுவாள். இருபது வருஷ வேலையில் அவள் ஒருதரம்கூட விமானம் ஏறியதில்லை என்பது வேறு கதை.

அண்ணன் குடியிருந்த ஊர் பதினோராயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பதினாலரை மணி நேரம். விடுமுறைக்கு வந்திருந்தவன் அன்று விடியற்காலை நான்கு மணி விமானத்தில் கிளம்பினான். வழியனுப்பிவிட்டு நேரே அலுவலகம் வந்தாள்.

ஒன்பது மணிக்கு ஃபோன் அடித்தது. அண்ணன் வீட்டு எண். அங்கே அப்போது ராத்திரி. நர்ஸான அண்ணி நைட் டியூட்டி முடிந்து சீக்கிரமே வந்துவிட்டாளாக்கும் என்று எடுத்தாள்.

“வந்து சேர்ந்துட்டேம்மா,” என்றது அண்ணன் குரல். “வீட்டுல யாருமில்ல. சுவிட்சு போட்டா லைட் எரிய மாட்டேங்குது.”

அவள் கணினித் திரையில் அண்ணனின் விமானத்தைத் தேடினாள். விமானம் நடுக்கடலுக்கு மேலே புள்ளியாக நின்றது.

“அண்ணே, இன்னும் ஒன்பதரை மணி நேரம் இருக்குண்ணே. நீ திரும்பிப் போயிடு.”

மூச்சு விடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

உடனே ஃபோன் போட்டு அண்ணியை ஆஸ்பத்திரியில் பிடித்தாள்.

“என்ன உளர்ற? இருக்கறது ஒரே சாவி, அதுவும் என் பையில!”

ஆனாலும் அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் போனாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. விளக்கு நன்றாகவே எரிந்தது. ஃபோன் ரிசீவர் மட்டும் மேஜைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

இங்கே சாயங்காலம் ஆறரை ஆனபோது விமானம் அங்கே இறங்கியது. அண்ணனே செல்லில் கூப்பிட்டான்.

“வழியில கண்ணசந்துட்டேன். கனவுல வீட்டுக்கே போயிட்டேன். ஒரே இருட்டு. உனக்கு ஃபோன் பண்ணேன். திரும்பிப் போன்னு நீ அதட்டினதும்தான் முழிப்பு வந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரர், ரொம்ப நேரமா உலுக்கினேன், உங்க கையெல்லாம் சில்லுன்னு இருந்துச்சுங்கறார்.”

காலையில் வந்த ஃபோனைப் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் அவள் அவனிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அண்ணன் விமானம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. மூன்றாவது வருஷம் அண்ணனைப் பார்க்கும் ஆசை தாங்காமல் அவளே தனக்கொரு டிக்கெட் போட்டாள். விளக்கை அணைத்து எல்லோரும் குறட்டை விட்டபோதும், கொட்டக் கொட்ட விழித்து உட்கார்ந்திருந்தாள். போர்வையோடு வந்த பணிப்பெண்ணை மூன்று தடவை திருப்பி அனுப்பினாள்.

விமான நிலைய வெளிவாசலில் காத்து நின்ற அண்ணன் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

“தூங்கினியா?”

“பொட்டுத் தூக்கமில்லண்ணே.”

அவள் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. அப்புறம்தான் பெட்டியை வாங்கிக்கொண்டான்.