வாசலில் ஒரு பட்டிப்பூ

மலைநாட்டு அம்பிட்டியவுக்கு வீடு மாறியதும் நான் செய்த முதல் வேலை, வாசல் கேற்றடியில் வரிசையாகப் பட்டிப்பூ நட்டதுதான். யாழ்ப்பாணத்தில் அதற்கு அதுதான் பெயர். ஆடு மாடு வாய் வைக்காததால் பட்டி ஓரத்தில் நட்டிருப்பார்கள் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளியது. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா மட்டும் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். என் வீட்டுக்காரர், இவர், அந்த அக்காவிடம் ஏதோ கேட்டுவிட்டு வந்து வாயே திறக்கவில்லை. என் கோபம் அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு, இவருடைய அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல்தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண் வேண்டாம் என்று எங்கள் கலியாணத்துக்கே வராத மாமி. விடியற்காலையில் எழும்பி வடைக்கு அரைத்து வைத்திருந்தேன். எப்படியாவது அவர் உள்ளே வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மாமி கேற்றடியிலேயே நின்றுவிட்டார்.

"என்னடா இது, வாசல்ல சுடுகாட்டுப்பூவ வச்சிருக்கீங்க?"

"பக்கத்து வீட்டக்காவும் சிங்களத்துல மினிமல்னுதான் சொன்னாங்க. பொணப்பூவாம்," என்று இவர் அப்போதுதான் கக்கினார். நல்ல நேரம் பார்த்தார் மனுசன்! என் முகத்தைக் கண்டதும் அவசரமாக, "நித்தியகல்யாணின்னு நல்ல பேரும் இருக்கும்மா," என்றார்.

"பேரு நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்துக்கு யாரு இத வைக்கிறாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கலியாணத்துக்கு நீங்கள் வந்திருந்தால்தானே மாமி, என்ன பூ வைச்சனாங்கள் எண்டு தெரியும்!"

சொல்லிவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு. இவர் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆத்திரம் தாங்காமல் நான் குனிந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன்.

"ஏய், புடுங்காத!" மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன் மாமாவப் பொதச்ச குழிமேல நான்தான் இத நட்டேன். தண்ணி ஊத்த ஆளில்லாட்டியும் வருசம் பூரா பூக்கும்ல, அதுக்குத்தான். போன மழையில காட்டுப்பன்னி கெளறிப் போட்டிருச்சு."

ஓயாமல் பூப்பதால்தான் நித்தியகல்யாணி. அதே காரணத்தால்தான் சுடுகாட்டிலும் இடம். எனக்கு அது அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. மாமி கையை விடவில்லை.

"அவரு இருந்திருந்தா கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துக்கிட்டு வந்திருப்பாரு," என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வடையில் உப்புக் குறைவு என்று சொல்லிக்கொண்டே நாலைந்து சாப்பிட்டார்.

புறப்படும்போது பழைய தயிர்ச்சட்டியில் இரண்டு செடி வைத்துக் கொடுத்தேன்.

"ஒண்ணு அவருக்கு. இன்னொண்ண எங்க லயத்து வீட்டு வாசல்லயே வைக்கிறேன்."

"ஆக்கள் சுடுகாட்டுப்பூ எண்டு சொல்லமாட்டினமோ மாமி?"

"சொன்னா சொல்லட்டும். மருமக வீட்டுச் செடின்னு சொல்லிக்கிறேன்."