சுண்ணாம்பு வட்டம்

சோணைக்கு விமானப் படையில் வேலை என்றால் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் வேலை அங்கேதான். யுத்த காலத்தில் மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் சாலைக்கு அப்பால், இளைஞர்களுக்கு விமானம் ஓட்டவும் குண்டு போடவும் சொல்லிக்கொடுக்கும் படைப்பிரிவு ஒன்று வந்து இறங்கியது. ஓடுதளத்துக்கு எடுத்த நிலங்களோடு சோணையின் புன்செயும் போயிற்று. பிறகு இந்த வேலை கிடைத்தது. பொட்டல்காட்டுச் செம்மண்ணில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் பெரிய வட்டம் போடவேண்டும். பயிற்சிக்காரர்கள் அதைக் குறிவைத்துப் புகைக்குண்டு போடுவார்கள். அவன் தள்ளியிருக்கும் குழிக்குள் பதுங்கிக்கொள்வான். விமானம் போனதும் ஏறி வந்து, கோடு அழிந்திருந்தால் மறுபடி போடுவான்.

குண்டு வட்டத்துக்குள் விழுவது அபூர்வம்.

"கருவேலங்காட்டு மேல துரைமாருக்கு அப்படி என்ன பகையோ" என்பான் சோணை.

"மெல்லப் பேசுடா. ஜப்பான்காரன் கேட்டா தைரியமா வந்துருவான்" என்பார் சவரியப்பன். கேம்ப் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் படித்தவர்.

அந்த வருஷம் சோணையும் அவன் மனைவி அழகம்மாளும் ஒரு கிணற்றடி நிலத்தை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்குப் பிடித்து நெல் போட்டார்கள். சொந்த நிலம் போன பிறகு அவர்கள் கண்ட முதல் நெல். நிலக்காரரின் ஆள் வந்து அளக்கும்வரை அடித்த நெல் அம்பாரமாகக் களத்திலேயே குவிந்து கிடக்கவேண்டும். அதைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டு வைப்பது வழக்கம். யாராவது கை வைத்தால் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். அன்றைக்கு அடித்த காற்றில் சாம்பல் நிற்கவில்லை. சோணை கேம்பில் மிஞ்சிய சுண்ணாம்பைக் கொண்டுவந்து ஊற்றினான்.

"எல்லாரும் சாம்பல்தான் போடுவாக. இதென்ன, கோயில் மதிலுக்கு அடிக்கிறாப்புல?" என்றாள் அழகம்மாள்.

"எம்புட்டுக் காத்தடிச்சாலும் இது அசையாது புள்ள."

"கேம்புக்காரன் பொண்டாட்டின்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் காலை அவளைக் களத்தில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு சோணை வேலைக்குப் போனான். குழிக்குள் சவரியப்பனும் இருந்தார். வந்த விமானம் வட்டத்தைத் தாண்டிப் பனைகளுக்கு மேலாகக் கிழக்கே திரும்பியது.

"எங்கடா போறான்?"

"பொண்ணு பாக்கப் போறாரு துரை" என்றான் சோணை. இருவரும் சிரித்தார்கள்.

கிழக்கே புகை எழுந்தது. எந்த இடத்திலிருந்து எழுகிறது என்று தெரிந்தபோது சோணையின் வாயில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. ஓடினான்.

குண்டு அழகம்மாள் மேல் விழவில்லை. வைக்கோலில் விழுந்து தீப்பிடித்தது. அவள் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சேலையை அவிழ்த்து அம்பாரத்தின் மேல் அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறாள். உடம்பெல்லாம் வெந்து, மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும்போது ஒரு தடவை கண் திறந்தாள்.

"நெல்லு?"

"இருக்கு" என்றான் சோணை.

நெல் கருகிப் போயிருந்தது. அவள் அன்று சாயங்காலம் இறந்தாள்.

கேம்பில் விசாரணை நடந்தது. துரை கேட்டதைச் சவரியப்பன் தமிழில் சொன்னார்.

"களத்துல அந்த வட்டம் யார் போட்டதுன்னு கேக்குறாரு."

"நாந்தான் சார்."

"மேலருந்து பாத்தா வெள்ளை மட்டுந்தான் தெரியுமாம். ஆள் தெரியாதாம். ஓட்டுன பையன் மேல தப்பில்லைங்கிறாரு."

சோணை தலையாட்டினான். அதை நம்பினான். அவள் இருப்பதைப் பார்த்துக்கொண்டே யாரும் குண்டு போடவில்லை என்பது பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்றாக இருந்தது.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பினான். வேறு வேலை இல்லை. வட்டம் போட்டான். குழிக்குப் போகாமல் நடுவில் நின்றுகொண்டான். விமானம் தாழ வந்தது. தலைக்கு மேலே போய்த் திரும்பி வந்தது. போடாமல் போயிற்று. அடுத்ததும் அப்படியே.

சவரியப்பன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "கிறுக்குப் பயலே, வெளிய வாடா! ஆள் நிக்கிறான்னு மேலருந்து சொல்லிட்டாங்க."

"தெரியுதாமா சார்?"

"தலைப்பா கட்டியிருக்கிறது வரைக்கும் தெரியுதாம். வாடா."

சோணை வரவில்லை. அங்கேயே உட்கார்ந்தான். இரண்டு சிப்பாய்கள் வந்து தூக்கிப்போனார்கள். பயிற்சிக்கு இடைஞ்சல் என்று அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

யுத்தம் முடியும்வரை அந்தப் படைப்பிரிவு அங்கே இருந்தது. விமானச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சோணை வீட்டைவிட்டு வந்து, மரமில்லாத இடமாகப் பார்த்து நிற்பான். கூப்பிட்டால் வரமாட்டான்.