பஸ்ஸில் போய் அவிழ்த்த முடிச்சு

போன கார்த்திகையில் எங்கள் மகள் ராசாத்திக்கு விஷக்காய்ச்சல். உத்தமபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு தர்கா இருக்கிறது. என் மனைவி காமாட்சி அங்கே நடந்தே போய், சன்னல் கம்பியில் மஞ்சள் நூல் முடிந்துவிட்டு வந்தாள். காய்ச்சல் இறங்கியது. வேண்டியது பலித்தால் முடிந்த கையே வந்து அவிழ்க்க வேண்டும். அதுவரை காரியம் முடிந்ததாகாது என்பது அங்கே வழக்கம். அதற்காகத்தான் சித்திரையில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம்.

இப்போது நடக்க வேண்டியதில்லை. தேனியில் ஒரு மோட்டார்காரர் ‘ஒரே நாளில் மூன்று தலம்’ என்று நோட்டீஸ் அடித்து ஆள் ஏற்றுகிறார். போகவர ஆளுக்கு ஒரு ரூபாய் இரண்டணா. காலை ஆறரைக்குப் புறப்பாடு. ஐந்து மைலில் வீரபாண்டி; அம்மனைப் பார்க்க முக்கால் மணி. பிறகு ராயப்பன்பட்டி சர்ச். தர்காவுக்குப் போய்ச் சேரப் பதினொன்றரை ஆயிற்று. அங்கே இருபதே நிமிஷம்.

பக்கத்து சீட்டு ஜவுளிக்காரர், “இது எந்தச் சாமிங்க?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இது பக்தியா, வேடிக்கையா? எனக்குப் பிடிபடவில்லை. குறை சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை, நானும் அதே பஸ்ஸில்தானே போனேன்!

சன்னலில் கம்பியே தெரியாதபடி நூல். காமாட்சி திகைத்துப்போய், தர்காவைப் பார்த்துக்கொள்ளும் ராவுத்தரிடம், “இங்கன மூணாவது கம்பியில முடிஞ்சேன், பாய்” என்றாள்.

“முன்ன நாலு பேரு வந்தாக, முடிஞ்சாக, திரும்ப வந்து அவுத்தாக. இப்ப பஸ்ஸுல வாரவுக முடிஞ்சிட்டுப் போயிர்றாக, திரும்புறதில்ல. கம்பி தாங்கலம்மா. பழசக் கொஞ்சம் அறுத்து ஆத்துல விட்டேன். ஒங்களுது அதுல போயிருந்தாலும் போயிருக்கும்.”

டிரைவர் ஹாரன் அடித்தார். காமாட்சிக்குக் கண் நிறைந்துவிட்டது. என் அவசர புத்தியில், அந்த மூன்றாவது கம்பியில் கைக்கு அகப்பட்ட ஒரு மஞ்சள் முடிச்சைக் காட்டி, “இதான் நம்மளுது, அவுத்துரு” என்றேன்.

அவிழ்த்தாள். உள்ளே நாலு இழை குழந்தைமுடி.

“நாம முடி வைக்கலையே! ஆத்தா, இது யாரு பெத்த பிள்ளையோ!”

அதற்குள் பஸ் போய்விட்டது. அவள் அந்த முடியை உள்ளே வைத்து, அதே கம்பியில் இறுக்கி முடிந்தாள். இப்போது எங்கள் வேண்டுதல் தீர்ந்ததா, அந்தப் பிள்ளையின் வேண்டுதல் என்ன ஆகும் என்று ராவுத்தரைக் கேட்டேன்.

“எனக்கும் தெரியலையே, தம்பி. இப்பிடி யாரும் செஞ்சதில்ல” என்றார்.

மூன்று மைல் நடந்து உத்தமபாளையம் வந்து, சாயங்கால பஸ்ஸில் வீடு திரும்பினோம். போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நோட்டீஸ் பஸ் வேண்டாம். உத்தமபாளையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள். உங்கள் நூலில் ஏதாவது அடையாளம் வையுங்கள்.

மூன்றாவது கம்பியில் பிள்ளையின் முடியை வைத்து முடிந்தவர் யாராவது இதைப் படித்தால், தப்பு என்னுடையது, மன்னியுங்கள். பிள்ளை சுகமா என்று ஒரு வரி எழுதுங்கள். ராசாத்தி நன்றாக ஓடியாடுகிறாள். காமாட்சிதான் தினமும் தபால்காரரை வாசலில் நிறுத்திக் கேட்கிறாள்.