பசை காயும் நேரம்

கொடகவெல கராஜில் என் பழைய காரின் ஒழுகிய வாட்டர் பம்பைக் கழற்றி, புதியதன் விளிம்பில் பசை தடவிப் பூட்டிய மெக்கானிக், “அரை மணித்தியாலம் காயட்டும் அக்கா, பிறகு தண்ணி ஊத்துவோம்” என்றபோது, வினாகிரி போல மூக்கில் ஏறிய அந்தப் புளித்த வாடை, என்றோ மண்சரிவில் போய்விட்ட எங்கள் தோட்டத்து லய வீட்டு வரிசையின் கடைசியிலிருந்த தகரக் கொட்டகைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

அங்கேதான் அப்பா தன் வாடகைக் காரை நிறுத்துவார். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதும், கூரையில் ரப்பர் விதைகள் தெறித்து விழுவதும், பக்கத்தில் எங்கள் வீட்டுக் காம்பராவில் தம்பிக்கு மூச்சிழுப்பு வருவதும் எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தங்கள்.

தம்பிக்கு இழுப்பு முற்றிய அன்று அப்பா பம்பை மாற்றிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் வேறு வண்டியும் இல்லை.

“தண்ணிய ஊத்திட்டுக் கெளம்புங்களேன், புள்ளைக்கு முடியலீங்க!” என்று அம்மா கத்தினாள்.

“பசை காயாம ஊத்துனா நடுவழியில நின்னுருவோம். அரை மணித்தியாலம் பொறு” என்றார் அப்பா, அட்டையால் பம்புக்கு விசிறிக்கொண்டே.

அவர் விசிற, நான் பசையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க, காம்பராவில் இழுப்புச் சத்தம் மெல்லக் குறைந்தது. நாங்கள் நிம்மதியானோம். மூச்சு உள்ளே போகாவிட்டாலும் அந்தச் சத்தம் குறையும் என்று எங்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிரித்த பிறகு, அப்பா வெளியே வந்து பொனட்டைத் திறந்து, பம்புக்கு அடியில் தடவிப் பார்த்தார். விரல்கள் காய்ந்தே வந்தன. ஒரு சொட்டு ஒழுகியிருந்தால் அந்தப் பம்பையாவது திட்டியிருப்பார்.